பாயில் வரும் பாம்பு
(மழைக்காலத்துக்கு முன் நம் மஸ்ஜித் வளாகத்தில் இஷாவுக்குப் பின் நடந்த குடும்பக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)





கல்வி உதவி பற்றியோ ஜகாத் கணக்கு பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அந்தக் கணக்கு இந்த இதழில் தனியாக வருகிறது, இன்ஷா அல்லாஹ். இன்று ஒரு பாம்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. கட்டுவிரியன். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அது சொல்லக் கடினமானது. சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் அனுமதியுடன்தான் சொல்கிறோம்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஐப்பசி மழையில், நம் மஹல்லாவில் பதினொரு வயதுப் பையன் ஒருவன் ஃபஜ்ருக்குக் கொஞ்சம் முன்னால் வயிற்றை வலிக்கிறது என்று எழுந்தான். இரண்டு முறை வாந்தி எடுத்தான். ராத்திரி ஒரு விருந்துக்குப் போய் வந்திருந்தார்கள். பிரியாணி சேரவில்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். விடிந்தபோது அவனுக்குக் கண் இமை தூக்க முடியவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்தார்கள். பிறகு எச்சிலை விழுங்க முடியவில்லை, பேச்சு குழறியது. அப்போதுதான் டிரஸ்டுக்குப் போன் வந்தது. வண்டி போனது, எங்களில் இரண்டு பேரும் போனோம். கையிலும் காலிலும் பார்த்தோம். காயம் இல்லை, வீக்கம் இல்லை. எங்களில் ஒருவர்தான் சொன்னார், இது வேறு ஏதோ போல இருக்கிறது, முதலில் ஓதிப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று. மற்றவர் மறுக்கவில்லை. அந்த மற்றவர்தான் இப்போது உங்கள் முன் பேசிக்கொண்டிருப்பது.

ஓதிவிட்டு, தண்ணீர் வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது. வழியில் அவன் உம்மா, "கண்ணைத் திற வாப்பா, கண்ணைத் திற" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார்கள். அவன் திறக்கவில்லை. டாக்டர் அவனைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி எங்கே படுத்திருந்தான்?" தரையில், பாயில் என்றோம். அவருக்கு அது போதுமாயிருந்தது. செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். அல்லாஹ்வின் நாட்டம், பிள்ளை அன்று லுஹருக்கு முன் வஃபாத்தாகிவிட்டான். அஸருக்குப் பிறகு வீட்டைக் கூட்டியபோது, சுருட்டி வைத்த பாய்களுக்குப் பின்னால், மூலையில், அந்தப் பாம்பு தலையை உடம்புக்குள் மறைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தது.

அதன் பிறகு இந்தப் பாம்பைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தோம், டாக்டர்களிடம் கேட்டோம். படித்தபின் எங்களுக்குப் புரிந்தது இதுதான்: இதன் வாழ்க்கை முறை தெரிந்திருந்தால் அன்று நடந்ததில் புதிராக ஒன்றுமே இருந்திருக்காது.

நாம் நாகத்துக்குப் பயப்படுகிறோம். அது படம் எடுக்கும், சீறும். கண்ணாடி விரியன் குக்கர் விசில் போலச் சத்தம் கொடுக்கும். கட்டுவிரியன் இரண்டும் செய்யாது. சுமார் மூன்று அடி நீளம். மிகப் பெரிதாக வளர்ந்தால் ஐந்தரை அடி வரும். எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும் கருப்பு, கொஞ்சம் நீலம் ஓடும் கருப்பு. அதன் மேல் மெல்லிய வெள்ளைக் கட்டுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக. தலைப்பக்கம் கட்டு மங்கலாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது, வால் பக்கம் போகப் போகத் தெளிவாகும். முதுகின் நடுவில் ஓடும் செதில் வரிசை மட்டும் பெரிதாக, தேன்கூட்டு அறை போல அறுகோணமாக இருக்கும். வயிறு வெள்ளை. பெயரில்தான் விரியன், உறவில் இது நாகத்தின் இனம். விஷமும் அந்த வகைதான்.

இதையெல்லாம் அடையாளம் பார்ப்பதற்காகச் சொல்லவில்லை. இதே போலக் கட்டு உள்ள, விஷமில்லாத பாம்பும் வீடுகளில் சுவரேறித் திரியும். அதற்குக் கட்டு தலைப்பக்கம் தெளிவாகவும் வால் பக்கம் மங்கலாகவும் இருக்கும் என்று நூல்களில் எழுதியிருக்கிறார்கள். டார்ச் வெளிச்சத்தில், பயத்தில், அந்த வித்தியாசத்தைப் பார்க்க நம்மால் முடியாது. முடியும் என்று நினைத்த பெரிய நிபுணர் ஒருவரின் கதையைப் பிறகு சொல்கிறோம்.

இதன் பகலும் இரவும் இரண்டு வேறு பாம்பு போல. பகலில் மந்தமாகக் கிடக்கும். எலி வளை, கறையான் புற்று, செங்கல் அடுக்கு, விறகுக் குவியல், வீட்டுச் சுவரின் விரிசல், இங்கெல்லாம் ஒதுங்கும். தொந்தரவு செய்தால்கூட உருண்டையாகச் சுருண்டு தலையை ஒளித்துக்கொள்ளும், பெரும்பாலும் கடிக்காது. இதை நம்பிப் பிள்ளைகள் குச்சியால் தள்ளி விளையாடுவதைப் பார்த்திருக்கிறோம், இனி விடக் கூடாது. இருட்டியதும் அதே பாம்பு சுறுசுறுப்பாகிவிடும். இரை தேடக் கிளம்பும். எலி, தவளை, பல்லி, அரணை எல்லாம் தின்னும், ஆனால் அதன் விருப்பமான இரை மற்ற பாம்புகள்தான். மண்புழு போலிருக்கும் சிறு பாம்புகளைத் தேடித் தின்னும், தன் இனத்தையே தின்னும். சுமார் பத்து முட்டை இட்டு, தாய் அதோடேயே தங்கியிருக்கும்.

நம் வீட்டில் அதற்கு வேலை என்ன? மனிதனைத் தேடி அது வருவதில்லை. நெல் மூட்டை இருந்தால் எலி வரும், விளக்கடியில் பூச்சி வந்தால் பல்லியும் தவளையும் வரும், இவற்றைத் தேடி அது வரும். மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்தால் மேட்டைத் தேடி வரும். மேடு என்பது நம் வீடு. தரையில் படுத்திருப்பவர் புரளும்போது கை அதன் மேல் விழுகிறது, அது கடித்துவிடுகிறது. இந்தப் பாம்புக்கடியில் பெரும்பகுதி தூங்கிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான், அதுவும் தரையில் தூங்குபவர்களுக்கு. யோசித்துப் பாருங்கள், தரையில் படுப்பது யார்? கட்டில் வாங்க முடியாதவர்கள். அப்புறம் விருந்தாளி வந்தால் கட்டிலை விட்டுக்கொடுக்கும் பிள்ளைகள். அப்புறம் நம் மத்ரஸா விடுதி. அதற்கு வருகிறோம்.

இனி கடியைப் பற்றி. இதன் பல் சில மில்லிமீட்டர்தான். எறும்பு கடித்த அளவுகூட உணர்வு இருக்காது, பலர் விழிப்பதே இல்லை. வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை, பல் பட்ட இடம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. விரியன் வகையின் விஷம் ரத்தத்தையும் சதையையும் கெடுக்கும், ஆகவே கடித்த இடமே கத்திச் சொல்லிவிடும். கட்டுவிரியன் விஷம் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் வேலை செய்கிறது. மூளையிலிருந்து வரும் கட்டளையை நரம்பின் நுனி ஒரு ரசாயனமாகத் தசையிடம் கொடுக்க வேண்டும். இந்த விஷத்தில் ஒரு பகுதி, கொடுக்கும் நுனியையே சிதைத்துவிடுகிறது. இன்னொரு பகுதி, வாங்கும் இடத்தை அடைத்துவிடுகிறது. கட்டளை போகிறது, தசை கேட்பதில்லை. முதலில் இமை விழும், பிறகு விழுங்குவது, பேச்சு, கழுத்து, கடைசியில் மூச்சு. இதற்கெல்லாம் முன்னால் பலருக்கு அந்த வயிற்று வலியும் வாந்தியும். கடித்து மணிக்கணக்கில் கழித்தும் இது தொடங்கலாம். ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் சோதனையில் குறை தெரியாது. அதை வைத்து ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு வந்துவிடக் கூடாது.

ராஜஸ்தானிலும் எல்லைக்கு அந்தப் பக்கம் சிந்துவிலும் பரந்து கிடக்கும் தார் பாலைவனத்து மக்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. பீவ்ணா என்று ஒரு பாம்பு, தூங்குகிறவரின் நெஞ்சில் ஏறி மூச்சைக் குடித்துவிடும் என்பார்கள். பீவ்ணா என்றால் குடிப்பது. நாம் சிரிக்கலாம். ஆனால் அவர்கள் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இரவு நலமாகப் படுத்தவர் காலையில் மூச்சடங்கிக் கிடக்கிறார், உடம்பில் காயமே இல்லை. வேறென்ன நினைப்பார்கள்? அங்கும் கட்டுவிரியன் வகை உண்டு. மூச்சு போவது உண்மை, போகும் வழியைத்தான் கற்பனை செய்துகொண்டார்கள். அன்று காலையில் நாங்கள், "இது வேறு ஏதோ" என்று சொன்னதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

அந்த வழியைக் கண்டுபிடித்தவர்கள் தைவான்காரர்கள். அங்கே இதன் சொந்தக்காரப் பாம்பு ஒன்று உண்டு, உடம்பெல்லாம் பட்டை பட்டையாக இருக்கும். 1963இல் சாங், லீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதன் விஷத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டினார்கள். அதில் ஒரு பகுதி, தசையின் வாங்கும் இடத்தில் பசை போல ஒட்டிக்கொண்டு விடாது. அந்தக் குணத்தையே மருத்துவம் பயன்படுத்திக்கொண்டது. மயஸ்தீனியா என்று தசை சோர்ந்துபோகும் ஒரு நோய், இமை தொங்கும், விழுங்க முடியாது. 1973இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த விஷத்தை ஒட்டவைத்து எண்ணிப் பார்த்து, அந்த நோயாளிகளின் தசையில் வாங்கும் இடங்கள் குறைந்துபோயிருப்பதைக் கண்டார்கள். ஆளைக் கொல்லும் விஷத்தின் வழியாகவே இன்னொரு நோயின் மர்மத்தை அல்லாஹ் திறந்துவிட்டிருக்கிறான். சுப்ஹானல்லாஹ்.

நிபுணரின் கதை சொல்கிறோம் என்றோமே. ஜோ ஸ்லோவின்ஸ்கி, அமெரிக்காவில் கலிபோர்னியா அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர், பாம்பு ஆய்வில் பெயர் பெற்றவர், வயது 38. 2001 செப்டம்பர் 11 அன்று, அங்கே அமெரிக்காவில் கோபுரங்கள் விழுந்த அதே நாளில், அவர் வடக்கு மியான்மரின் காட்டுக் கிராமம் ஒன்றில் இருந்தார். உதவியாளர் பிடித்து வந்த பையில் கையை விட்டார், கட்டுவிரியனைப் போலவே இருக்கும் விஷமில்லாத பாம்பு என்று நினைத்து. குட்டிப் பாம்பு ஒன்று விரலைக் கடித்தது. காயம் பார்க்கவே முடியாத அளவு. அது கட்டுவிரியன் இனம்தான். தனக்கு என்னவெல்லாம் நடக்கப் போகிறது என்று கூட இருந்தவர்களுக்கு அவரே சொன்னார், வாய் பேச முடியாதபோது எழுதிக் காட்டினார். மூச்சு நின்றதும் தோழர்கள் வாயோடு வாய் வைத்து, ஆள் மாற்றி ஆள், ஒரு நாளுக்கு மேல் ஊதிக்கொண்டே இருந்தார்கள். மழையில் ஹெலிகாப்டர் வர முடியவில்லை. மறுநாள் இறந்துபோனார்.

இதில் இரண்டு விஷயம் உண்டு. அவ்வளவு தெரிந்தவரே பாம்பைத் தப்பாகப் பார்த்தார். இன்னொன்று, மூச்சு நின்ற பிறகும் வெளியிலிருந்து காற்று கொடுத்துக்கொண்டிருந்த வரைக்கும் அவர் உயிரோடு இருந்தார். காட்டில் வெறும் வாயால் ஒரு நாள் முடிந்தது. ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டர் இருக்கிறது. நாள் கணக்கில் அதில் இருந்துவிட்டு, நரம்பு நுனி மறுபடி வளர்ந்து, குறை ஏதும் இல்லாமல் எழுந்து வீடு போனவர்கள் நம் மாவட்டங்களிலேயே உண்டு.

அடுத்துச் சொல்வதைப் பெரியவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். இந்த விஷம் தசையைத்தான் முடக்குகிறது, அறிவை அல்ல. கண் திறக்காமல், கை கால் அசையாமல், மய்யித்தைப் போலக் கிடப்பவருக்குக் காது கேட்டுக்கொண்டிருக்கும். டார்ச் அடித்தால் கண்மணி சுருங்காமலும் இருக்கலாம், அதை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று டாக்டர்களுக்கே வழிகாட்டுதல் இருக்கிறது. அன்று அந்த வீட்டில் நாங்கள் நின்றபோது, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "ரூஹ் அடங்கிடுச்சு போல" என்று சொன்னார். அந்த நேரத்தில் பிள்ளைக்கு அது கேட்டிருக்கும் என்று டாக்டர் பின்பு சொன்னபோது எங்களால் உட்கார முடியவில்லை. ஜனாஸாவை விரைவுபடுத்துவது நம் மார்க்கத்தின் கட்டளை, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மௌத் என்று யார் சொல்வது? தூக்கத்திலிருந்து எழாதவர், காரணம் தெரியாமல் விடியற்காலையில் அடங்கியவர், அவர் எந்த வயதாக இருந்தாலும், டாக்டர் பார்த்துச் சொல்லாமல் குளிப்பாட்டத் தொடங்கக் கூடாது. இதை நம் ஜமாஅத் நிர்வாகமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மய்யித்துக் குளிப்பாட்டும் சகோதரர்களிடமும் சகோதரிகளிடமும் சொல்லியிருக்கிறோம்.

ஓதிப் பார்ப்பதைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. ஒரு கூட்டத்தின் தலைவரை விஷ ஜந்து தீண்டியபோது ஸஹாபாக்களில் ஒருவர் ஃபாத்திஹா சூரா ஓதியதும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதை அங்கீகரித்ததும் புகாரியில் உள்ளது. நாங்களும் மத்ரஸாவில் ஓதியவர்கள்தான், அதை மறுக்க வரவில்லை. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்டவர்களுக்குச் செய்துகொள்ளுங்கள் என்று விடை சொன்னதும் அதே நபியவர்கள்தான். இரண்டையும் ஒன்றுக்கு எதிராக ஒன்றை நிறுத்தியது எங்கள் பிழை. ஓதுகிறவர் வண்டியில் ஏறி, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, போகிற வழியெல்லாம் ஓதட்டும். வண்டி நிற்கக் கூடாது. நம் ஹஜ்ரத் அவர்கள் இதைக் கேட்டதும், எந்த நேரம் கூப்பிட்டாலும் வண்டிக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கு ஆஃபியத்தைத் தரட்டும்.

ஆஸ்பத்திரி என்றால் அரசு ஆஸ்பத்திரி. விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான், எனவே பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய தேவையே இல்லை. அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்று தெரியுமா? மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டுப் பிழைப்பு போன இருளர் மக்கள், ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978இல் தொடங்கியது. பாம்பைப் பிடித்துச் சில வாரம் பானையில் வைத்து, விஷம் எடுத்துவிட்டு, உயிரோடு விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து செய்கிறார்கள். அந்த மக்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நாளை நம் வீட்டுப் பிள்ளை பிழைத்தால் அதில் அவர்கள் கையும் இருக்கும்.

ஆனால் ஒன்று. நரம்பு நுனியை விஷம் சிதைப்பதற்கு முன்பு மருந்து போனால்தான் முழுப் பலன். சிதைத்த பிறகு மருந்தால் அதைத் திருப்ப முடியாது, வென்டிலேட்டரில் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே நேரம். 108க்குப் போன் செய்யுங்கள், அல்லது டிரஸ்ட் வண்டியைக் கூப்பிடுங்கள், எது முதலில் வருகிறதோ அதில் ஏற்றுங்கள். கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம். விழுங்க முடியாதவனுக்குக் கொடுக்கும் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும், அது ஓதிய தண்ணீராக இருந்தாலும்தான். நடக்க விடாமல், எலும்பு முறிந்தவரைத் தூக்குவது போலத் தூக்குங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள்.

2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. வருஷத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்து மக்கள், பெரும்பாலும் மழை மாதங்களில். பாம்புக்கடி என்றால் ஏழையின் நோய் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? இது நம்மைப் போன்ற டிரஸ்டுகள் பார்க்க வேண்டிய வேலைதான்.

படுக்கைக்குப் போகுமுன் ஆடையின் ஓரத்தால் விரிப்பைத் தட்டிவிட வேண்டும், நாம் எழுந்துபோன பின் அதில் என்ன வந்து சேர்ந்தது என்று நமக்குத் தெரியாது என்ற கருத்தில் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. சின்ன வயதில் ஓதினோம், ஒப்பித்தோம். பாயை ஒரு தரம் உதறிப் போடுவதற்கு ஒரு நொடி ஆகாது. அதோடு கொசுவலை. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டால் பாம்பு உள்ளே வர வழியில்லை. நேபாளத்தின் தென்கிழக்கில் நடந்த ஓர் ஆய்வு, 2007இல் வெளிவந்தது, வலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி கணிசமாகக் குறைவு என்று காட்டியிருக்கிறது. கட்டில் இருந்தால் இன்னும் நல்லது. தஹஜ்ஜுதுக்கு ஒளூச் செய்யக் கொல்லைப்பக்கம் போகிற பெரியவர்கள் டார்ச் இல்லாமல் இறங்க வேண்டாம். விறகையும் செங்கல்லையும் வீட்டுச் சுவரோடு சேர்த்து அடுக்க வேண்டாம். கோழிக்கூட்டைப் படுக்கும் அறையை ஒட்டி வைக்க வேண்டாம், சிந்தும் தீனிக்கு எலி வருகிறது.

பாம்பைக் கொல்லலாமா என்று இளைஞர்கள் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். தொழுகையில் இருக்கும்போதுகூடப் பாம்பையும் தேளையும் கொல்ல அனுமதி உண்டு என்பது தெரிந்ததுதான். ஆனால் நீங்கள் அடிக்கப் போகும்போது அது உங்களைக் கடிக்கும், எங்கள் கவலை அது. விலகி நில்லுங்கள், பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள், அது எந்த மூலையில் இருக்கிறது என்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யுங்கள்.

மத்ரஸா விடுதிக்கு வருகிறோம் என்றோம். பிள்ளைகள் இன்னும் தரையில்தான் படுக்கிறார்கள். அந்தப் பையனின் வாப்பா, அவன் பெயரில் ஸதக்கத்துல் ஜாரியாவாகப் பத்துக் கட்டில்களுக்குப் பணம் கொடுத்துவிட்டார். வாங்கும்போது எங்களால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மீதிக் கட்டில்களுக்கு உங்களிடம் கேட்கிறோம். கட்டில் வரும் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் வலை வாங்கியாகிவிட்டது, இந்த வாரமே கட்டிவிடுவோம். மஹல்லாவில் தரையில் படுக்கும் குடும்பங்களுக்கு வலை வேண்டுமென்றால் மோதினாரிடம் வீட்டு எண்ணையும் படுக்கும் ஆட்களின் எண்ணிக்கையையும் சொன்னால் போதும். வேறு எதுவும் கேட்க மாட்டோம். வரும் ஜும்ஆவுக்குப் பிறகு பெண்கள் பகுதியில் ஒரு டாக்டர் அம்மா வந்து, இமை விழுவதை எப்படிப் பார்ப்பது, மூச்சு நின்றால் எப்படி ஊதுவது என்று செய்து காட்டுகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவராவது வாருங்கள்.

வஸ்ஸலாம்.